மகான் எழுப்பிய மரபணு

மரபணு மகானைப் பார்க்க வந்த கூட்டம் மாடிப்படி தாண்டித் தெருமுனை வரை நின்றது. உடம்பில் புற்றைத் தடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறதாம். அது தூங்கிப்போனதால்தான் கட்டியைச் சுற்றியுள்ள இடமெல்லாம் கெடுகிறதாம். காதோரம் மணியடித்தால் விழித்துக்கொள்ளுமாம். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினால் போதுமே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிசையில் ஒரு தையல்காரம்மாவும் இருந்தாள். மார்பில் கட்டி. குறித்திருந்த அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாவது தடவையாக மணி கேட்க வந்திருந்தாள். இருபது வருடம் கத்திரிக்கோலோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கத்தி என்றால் பயம்.

அவள் தங்கை மருத்துவமனை ஆய்வகத்தில் திசுக்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பவள். அன்று மாலை தையல் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மரபணு இருக்கிறது நிஜம்தான்க்கா. தன் செல்லை மட்டுமில்ல, அக்கம்பக்கத்தையும் அதுதான் ஒழுங்கா வச்சிருக்கும். அது கெட்டுட்டா, பக்கத்து ரத்தக்குழாயே கட்டிக்குத் தீனி போடும், காவலுக்கு வர்ற செல்லும் கண்டுக்காம போயிடும். ஆனா அது தூங்கல, கிழிஞ்சு கிடக்கு. கிழிஞ்ச துணிகிட்ட மணியடிச்சா தச்சுக்குமா?"

மகான் கருவி வைத்துப் பார்த்து நாற்பது சதவீதம் விழித்துவிட்டது என்றாரே என்று அக்கா இழுத்தாள். தங்கை கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். மூலையில் நின்ற, சட்டை மாட்டிப் பார்க்கும் பஞ்சடைத்த அளவுப் பொம்மையைப் பார்த்தாள்.

மறுநாள் அக்காவும் தங்கையும் தள்ள, சக்கர நாற்காலியில் ஒரு 'பெரியம்மா' மகானிடம் போனாள். நோயாளி முழுக்கப் போர்த்திப் படுக்க வேண்டும், பேசக்கூடாது, அசையக்கூடாது என்பது அங்கே சட்டம். பெரியம்மா மூன்றிலும் நூற்றுக்கு நூறு.

மகான் மணியடித்தார். கருவியை ஓட்டினார். மரபணு எண்பது சதவீதம் விழித்துவிட்டது, கட்டியின் சுற்றுப்புறம் சுத்தமாகிவிட்டது, இப்படி ஒத்துழைக்கும் நோயாளியைத் தாம் கண்டதே இல்லை என்று அறிவித்தார். கூட்டம் நெகிழ்ந்தது.

தையல்காரம்மாவே போர்வையை இழுத்தாள். தலைப்பக்கம் சுருட்டி வைத்திருந்த துணி உருண்டு விழுந்தது. பொம்மைக்குக் கழுத்தோடு சரி.

"இதுக்குக் காதே இல்லையே சாமி. மணியை எது கேட்டுச்சு?"

பஞ்சுக்கும் மரபணு உண்டு என்று மகான் ஆரம்பித்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மகான் மணியும் கையுமாகப் பின்படியில் இறங்கி ஓடினார்; படிக்கொரு சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஒருவர் மட்டும், மீதி இருபது சதவீதத்துக்கு எப்போது வர வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தங்கையின் கையைப் பிடித்தபடி, பயம் போகாமலேதான், தையல்காரம்மா அறுவை அரங்குக்குப் போனாள். வெட்டியெடுத்த திசுவின் ஓரங்களில் நோய் இல்லை, கட்டி முழுசாக வந்துவிட்டது என்று அறிக்கை வந்தது.

எதை அளந்தாய், எப்படி அளந்தாய் என்று கேளுங்கள், ஐயா. கேட்பதால் எந்தக் கட்டியும் வளராது. கேட்காமல் இருந்தால் வளரும்.