நீலப் புருவமும் சோடாத் தண்ணீரும்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அருள்பிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் ஜோசப்ராஜ் உங்கள் ஓட்டல் சமையலறையில், கவிழ்த்த தவலை மேல் உட்கார்ந்து எழுதுவது.

நானும் உங்கள் அத்தை ரோஸியும் நலம். என் இடது புருவம் மட்டும் நீலமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்று காலை சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் ஜெபம் பண்ணுகிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். போனில் சொன்னால் மகள் ஹெப்சிபா ஸ்பீக்கரில் போடுவாள், அதனால் இந்தத் தாளைக் கல்லாவில் வைக்கிறேன்.

பெங்களூர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "மாமா, அடுப்புக்கு மேல புகை போறதுக்கு இருக்கிற தகர ஹூடு பெயிண்ட் அடிச்சது. தொடைக்கிறதுன்னா வெதுவெதுன்னு சோப்புத் தண்ணி, மெத்துன்னு துணி, அவ்ளோதான்." சரி என்றேன். ஆனால் முப்பது வருஷமாகப் பட்டு நூலைச் சலவைச் சோடாவில் வேகவைத்துப் பிசினை எடுக்கிறவனுக்கு, இந்த எண்ணெய்ப் பிசுக்கு எம்மாத்திரம் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஏணி நம்மிடம் இல்லை, அடுத்த வீட்டுக் குமரேசனிடம் உண்டு, அவரோடு எனக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை, என் பட்டறையின் தகரப் பெயர்ப்பலகை காணாமல் போன விவகாரம்தான், உங்களுக்கே தெரியும். ரோஸி போய்க் கேட்டதற்கு, "ஏணி தனியா வராதுங்க, நானும் கூட வருவேன். அப்பறம் ஏணியையும் நான்தான் எடுத்துகினேன்னு சொல்லுவாரு" என்றாராம்.

கொதிக்கிற சோடாத் தண்ணீரில் துணியை முக்கி ஒரு இழுப்பு. பிசுக்கு போயிற்று, கூடவே நீலப் பெயிண்டும் சுருண்டு என் முகத்தில் விழுந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடியில் பச்சை தெரிந்தது. பச்சைக்கு அடியில் என்ன என்று பார்க்காமல் இறங்க முடியுமா? வெள்ளை. வெள்ளையில் சிவப்பு எழுத்து. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குமரேசன் நிதானமாகப் படித்தார்: "ஜோசப்ராஜ் பட்டு நூல் சாயப் பட்டறை."

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்பா, திருடிகினு வந்து உன் மாப்பிள்ளை அடுப்புக்கு மேல மாட்டுனதும் நான்தானா? அதையும் சொல்லிடு" என்றார்.

ஹூடு செய்தவருக்கு அந்தத் தகடு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது. கடை திறப்பதற்குள் மறுபடி பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இங்கே இட்லிக்கும் சாயம் போடுகிறார்கள் என்று ஜனம் நினைக்கும்.

உங்கள் மாவு பதமாகப் புளிக்கவும், அடுப்பு அணையாமல் எரியவும் கர்த்தரை வேண்டுகிறேன். ஹெப்சிபாவுக்கு என் ஆசீர்வாதம்.

பி.கு.: இந்தப் பகுதியை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும். பலகையை யாரும் திருடவில்லை. ரோஸியின் தம்பி சார்லி செய்து கொடுத்த பலகை அது. கீழே 'அன்பளிப்பு: சார்லி' என்று என் பெயரைவிடப் பெரிதாக எழுதவைத்திருந்தான். தினமும் பார்த்துப் பார்த்துப் பேஜாராகி, ஒருநாள் நானே பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டேன். ரோஸி கேட்டபோது வாய் திருட்டு என்றது, கண் குமரேசன் வீட்டுப் பக்கம் போய்விட்டது. ஹூடில் சார்லி பெயர் இல்லை, அந்தப் பாகத்தை வெட்டிவிட்டார்கள் போல. அதையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று ஏணி மேலிருந்து பார்த்தேன், குமரேசனுக்கு உச்சந்தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஏணியைக் கெட்டியா பிடி" என்றேன். பிடித்தார். சொல்ல வந்தது வேறு: குமரேசா, அது நான்தாம்பா.