துரைக்கண்ணு வைத்த பரீட்சை

மெஷினைத் தோற்கடிப்பதற்காகத் துரைக்கண்ணு சட்டைப் பையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, அவர் பாஷையில் மல்லாட்டை, எடுத்து வந்திருந்தார்.

பின்னே என்ன? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பெரியசாமி டிராவல்ஸின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது என்று ஊருக்கே பதில் சொல்கிற மனிதர் அவர். அந்த நாற்காலிக்கு இப்போது ஒரு மெஷின் வருகிறதாம். வாயால் கேட்டாலும் புரியுமாம், கையால் காட்டினாலும் புரியுமாம். அது லாயக்குதானா என்று சோதித்துச் சொல்ல முதலாளி பிடித்துவந்த ஆள் யார் தெரியுமா? துரைக்கண்ணுவேதான். வெட்டப்போகிற ஆட்டிடமே கத்தி கூராக இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

மெஷின் கம்பெனியின் விழுப்புரம் ஆபீஸ் மாடியில், பலகைத் தடுப்பை ஒட்டி ஒரு பெரிய டிவி மாதிரி நின்றது மெஷின். உச்சியில் கேமரா. பக்கத்து சோபாவில் முதலாளி பெரியசாமி.

"கவுன்டர்ல ஜனங்க எப்படிக் கேப்பாங்களோ, அப்படியே கேளுங்க சார்" என்றாள் மெஷின் கம்பெனிப் பெண் புனிதா.

துரைக்கண்ணு மல்லாட்டை மொத்தத்தையும் வாயில் கொட்டிக்கொண்டார்.

"அம்மாச்சிக்கு மேமயனூ பச்சு எப்போ?"

துரைக்கண்ணு ஜெயித்துவிட்ட தோரணையில் முதலாளியைப் பார்த்தார்.

"அமாவாசைக்கு மேல்மலையனூரா? சாயங்காலத்துலேருந்து ஸ்பெஷல் பஸ் உண்டுங்க" என்றது மெஷின். "மென்னு முழுங்கிட்டுப் பேசுங்க, பொரை ஏறிக்கப் போவுது."

முதலாளி தொடையில் தட்டினார். "பாத்தியாய்யா! இன்னா அக்கறை!"

இனி வாயையே திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார் துரைக்கண்ணு. மூன்று விரலைக் காட்டினார். பாறையைக் குடைவது போல உளியும் சுத்தியலுமாகக் காற்றில் அபிநயம் பிடித்தார். கடைசியாகக் கையை இடுப்பளவுக்கு இறக்கி ஒரு பிள்ளையின் உயரம் காட்டினார்.

"மண்டகப்பட்டு குகைக் கோயிலு. மூணு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு."

துரைக்கண்ணு சட்டென்று கையை மார்பு வரை உயர்த்தினார்.

"இவ்ளோ வளந்த புள்ளைக்கு அரை டிக்கெட்டு தர முடியாதுங்க."

அடேயப்பா! அவரையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரே வழிதான். கூட்ட நாளில் ஜனங்கள் அவரைத் திட்டுவது போலவே திட்டினார்.

"ஏன்யா, காலையிலேருந்து நிக்கிறோம், ஒரு வண்டியும் காணோம்! இன்னாயா பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க?"

"கோச்சிக்காதீங்க. வெயில்ல நின்னுகினு இருந்திருப்பீங்க. நெழல்ல குந்துங்க, வண்டி வந்ததும் நானே கூப்புடறேன்" என்ற மெஷின், லொக் லொக்கென்று இருமியது.

"இன்னா மேடம், இருமுது?" என்றார் முதலாளி.

"அது... சின்ன வைரஸ் சார்" என்றாள் புனிதா அவசரமாக.

துரைக்கண்ணு அதைக் காதில் வாங்கவில்லை. நிழலில் குந்தச் சொன்ன அந்தப் பேச்சிலேயே அவர் நின்றுவிட்டார். அவராக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பார். வேலை போகப்போகிறது. ஆனாலும் நல்லதை நல்லது என்று சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. நாற்காலியை மெஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தபாருப்பா. அமாவாசை அன்னிக்கு செஞ்சியில வண்டி நெறைஞ்சிடும். கைக்கொழந்தைக்காரிங்கள திண்டிவனத்துலயே ஏத்தி வுட்டுடு."

"ம்..." என்றது மெஷின்.

"காது கேக்காதவங்க வந்தா கத்தாத. வெரலால பஸ்ஸைக் காட்டு."

"ம்... ம்..."

வீட்டில்கூட இப்படி உம் கொட்டிக் கேட்க ஆளில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்தார் துரைக்கண்ணு. கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா பேசுது மொதலாளி. என்னைவிட பொறுமைசாலி. வெச்சிக்கோங்க. நான் கெளம்பறேன்."

அப்போது டீ கொடுக்கும் ஜெசிந்தா, காலி கிளாஸோடு தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து துரைக்கண்ணுவைக் கைகாட்டினாள்.

"மேடம், உள்ள மெஷினா குந்திக்கினு பேசறாரே அந்த சாரு, அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம், நாளையிலேருந்து இவரையே மெஷினா போட்டுக்கலாமான்னு கேக்கச் சொன்னாரு!"