கொட்டாஞ்சேனைக்குப் போன அம்புலன்ஸ்

பிள்ளையள், தலையிடி என்று நான் படுத்தால் "எந்த அட்ரஸைக் குடுக்கிறது?" என்று அம்மா கேட்க, நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். அந்தக் கதையை நானே எழுதிவிடுகிறேன். (அம்மா சொல்வதில் உப்புப் புளி கொஞ்சம் கூட.)

அப்போது எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் கொழும்பின் வட கோடியில், கொட்டாஞ்சேனையில். நான் வேலை செய்த கிளை தென் கோடியில், வெள்ளவத்தையில். கிளைக்குப் புது டெலிபோன் சிஸ்டம் வந்தது. முன்பு அழைப்பு மணியைத் திருத்தியவன் என்ற ஒரே தகுதியில் பொறுப்பு என்னிடம் வந்தது. (ஓ-எல் சோதனையில் விஞ்ஞானம் சாதாரண சித்தி.) ரொக்கெட் விடப்போகிறவன் மாதிரி நடந்து திரிந்தேன்.

கம்பியூட்டரில் ஒரு கட்டம்: அவசர அழைப்புக்கு எந்த முகவரி? எங்கள் கம்பெனியில் கூட்டுகிற தும்புத்தடி வாங்கும் படிவத்துக்கும் கொட்டாஞ்சேனை முகவரிதான் போடவேண்டும். போட்டேன்.

சிஸ்டம் பூட்டி மூன்றாம் கிழமை, ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரவேற்பு மேசையில் இருந்த ஜெசிந்தா மிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தா. ஓடிப்போய் டெலிபோனின் அவசரப் பட்டனை அமத்தினேன்.

"அட்ரஸ் ஸ்கிரீனில விழுந்திட்டுது, வருகினம்" என்றது மறுமுனை.

"பாத்தீங்களா மிஸ், அட்ரஸ்கூடக் கேக்கேல்லை. எல்லாம் என்ர செட்டிங்!"

இருபது நிமிடம். மிஸ்ஸுக்கு வேர்த்து ஊற்றியது. டெலிபோன் அடித்தது. தலைமை அலுவலகக் காவலாளி ராசன் அண்ணை.

"டேய், இஞ்ச அம்புலன்ஸ் வந்து 'லெடா கோ, லெடா கோ' எண்டு சிங்களத்தில கேட்டு நோயாளியைத் தேடுறாங்கள். கதிரையில நித்திரை கொண்ட பெரிய முதலாளியை ஸ்ட்ரெச்சரில ஏத்திப்போட்டாங்கள்!"

பின்னால் முதலாளியின் குரல்: "இறக்குங்கோடா என்னை!"

மிஸ் ஒரு கண்ணைத் திறந்தா. "தம்பி, சாகிறதெண்டாலும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்த்தான் சாகவேணுமோ?"

மிஸ்ஸை த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். காலி ஊருக்குப் போகும் அந்தக் காலி வீதி நெரிசலில் அவவின் கையைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த எல்லா மாதாவையும் கூப்பிட்டேன். (நான் சைவ சமயம்.) "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்ற டொக்டர் மிச்சத்தைச் சொல்லவில்லை. மிஸ் தப்பிவிட்டா. திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கூப்பிடுவதே "கொட்டாஞ்சேனை" என்றுதான். நீங்கள் சிரிக்கலாம். அந்த டொக்டரின் பாதி வசனத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு வராது.

மிஸ்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு ஒபிசுக்குத் திரும்பிப் போனேன். கட்டத்தில் வெள்ளவத்தை முகவரியை, ஒழுங்கை, மாடி எல்லாம் சேர்த்து அடித்தேன். பிறகு அவசரப் பட்டனை அமத்தி, "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, மன்னிக்கவேணும். உங்களுக்கு என்ன அட்ரஸ் விழுது?" என்று கேட்டேன்.

ஒழுங்கை, மாடி வரைக்கும் சரியாக வாசித்தார்கள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றேன்.