மாமாங்கத்தார் அண்ணையின் நெஞ்சில் கால் வைத்த படலம்

வாழ்க மாமாங்கம்! மட்டுநகர் வாவிக்கரையில் பிறந்து ஹேர்னிங் மாநகரின் மூன்றாம் மாடியில் குடியமர்ந்தவனே, பிராண்டே காற்றாலைத் தொழிற்சாலையின் பேரிறக்கைகளுக்குப் பிசின் பூசும் பெருந்தோளனே, நாற்பத்து நான்கு வயதும் எழுபத்தைந்து கிலோவும் ஒருங்கே வாய்த்த வெள்ளைப்பட்டி வேந்தே, நீ வாழ்க! நின் புகழ் பாட ஆயிரம் நாவு வேண்டும். இருப்பவையோ அயலட்டைச் சனத்தின் நாவுகள்தாம், ஆயினும் அவையும் ஆயிரத்துக்குக் குறைந்தவை அல்ல.

நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி அறிவித்து மூன்று கிழமை கழிந்த ஆனி மாதம் அது. கொப்பன்ஹேகன் சதுக்கங்களில் பதாகை பிடித்துத் தோள் ஓய்ந்த எம்மவர் எல்லாரும் வீடு திரும்பி, தொலைபேசியை எடுப்பதும் வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தனர். அத்தகைய காலத்தில் ஒரு குடும்பத்தலைவர் திங்கள், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் வெள்ளை அங்கியும் கற்றுக்குட்டிகளுக்குரிய வெள்ளை இடைப்பட்டியும் தரித்து, பிரேசில் தேசத்து ஜியு ஜிட்சு என்னும் நிலத்து மற்போர் பயிலப் புறப்பட்டால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. ஊர் என்ன, கட்டிய மனைவி இராசலட்சுமியாரே கோயில் மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார்: “ரெண்டு ஆம்பிளையள் கட்டிப்பிடிச்சு உருளுறதுக்கு டென்மார்க் வரவேணுமோ?”

மாமாங்கத்திடம் காரணம் இருந்தது. அக்கழகத்தில் கைத்தொலைபேசியை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் பாயில் ஏறலாம் என்பது விதி. வயிற்றின்மேல் எவனோ ஒரு டெனிஷ்காரனின் முழங்கால் மலைபோல் வீற்றிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் செய்தி எதுவும் நெஞ்சுக்குள் வராது. தை மாதம் தொடங்கி அவருக்குக் கிடைத்த நிம்மதி அவ்வளவுதான். இதை மனைவியிடம் எடுத்துரைப்பது கழுத்து நெரிபடுவதிலும் கடினம் என்பதால் வீரர் மௌனவிரதம் பூண்டார்.

பழைய துணி ஆலை ஒன்றினுள் அமைந்த அக்கழகம் பொழுதுபோக்குக் கழகம் அன்று. சுவரில் பதக்கம் தொங்காத இடத்தில் மட்டுமே சுண்ணாம்பு தெரியும் வெற்றிவெறிக் கழகம். அதன் ஆசான் தோர்பன், காது இரண்டும் கசங்கிய பூக்கோவாப் பூப்போல் சுருண்ட கஜவீரன், ஒருநாள் அனைவரையும் வரிசையில் நிறுத்தி இவ்வாறு பிரகடனம் செய்தான்: நாற்பது வயதுக்கு மேல், எழுபத்தாறு கிலோவுக்குக் கீழ், போட்டி அணியில் ஒரே ஓர் இடம். வியாழன் பின்னேரம் ஐந்து நிமிடப் போர். வென்றவர் அணியில் பயில்வார். தோற்றவர் இனிச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நடக்கும் ஓய்வூதியக்காரர் வகுப்பில் மட்டும். செவ்வாய் நாலு மணியென்பது மாமாங்கம் பிசின் வாளியோடு நிற்கும் நேரம். தொழிற்சாலை எளிதில் விடாது. ஆகவே தோற்றால் கழகமும் இல்லை, இரும்புப் பெட்டியும் இல்லை.

எதிர்த்து நின்ற மாவீரர் யார்? மன்னார் மண் ஈன்ற ஸ்ரனிஸ்லாஸ். முதியோர் இல்லத்தில் எண்பது கிலோக் கிழவர்களை ஒரு கையால் புரட்டி மறுகையால் விரிப்பு மாற்றும் வித்தகர். இக்காஸ்ட் வாசி. கார் ஓட்டும் சோதனையில் ஆறு முறை தவறியபின் அச்சோதனையையே துறந்தவர். ஆதலால் இவ்விரு பகைவரும் போர்க்களத்துக்கு மாமாங்கத்தின் காரில் ஒன்றாகவே வந்திறங்குவர் என்பதையும், வழியில் ஒரே போத்தல் தேநீரைப் பகிர்ந்து குடிப்பர் என்பதையும் கூறாது விடுவது காவியத்துக்கு அழகன்று.

ஸ்ரனிஸ்லாஸுக்கு வயது ஐம்பத்தொன்று. ஆகவே அவர் அண்ணை. ஆகவேதான் அனர்த்தம்.

அக்கலையின் சாரம், மல்லாந்து கிடந்தபடி இரு பாதங்களையும் எதிரியின் இடுப்பிலோ நெஞ்சிலோ ஊன்றி அவனை அண்டவிடாமல் தடுப்பது. டெனிஷ்காரருக்கு அது கதவைத் தள்ளுவதுபோல. நம்மவருக்கோ மூத்தவர் மேல் கால் பட்டுவிட்டால், புத்தி உணருமுன்னே கை பாய்ந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிடும். முந்திய மூன்று மோதல்களிலும் நடந்தது இதுவே: மாமாங்கத்தின் கால் அண்ணையில் பட்டது, அவர் பிடித்திருந்த அண்ணையின் அங்கிக் கையை வலக்கை விட்டது, கண்ணுக்குப் போனது, திறந்த கோட்டை வாயிலினூடே அண்ணையார் உலாப்போனார். அண்ணைக்கு அந்தச் சிரமம் இல்லை. தம்பி மேல் கால் பட்டால் யாரும் கும்பிடச் சொல்வதில்லை. ஆசான் தோர்பனோ மாமாங்கத்துக்குக் கண்நோய் என்று முடிவுகட்டி ஒரு சின்னப் போத்தல் சொட்டுமருந்தும் கொடுத்தான். அந்த மண்டபத்தைத் துடைக்கும் தங்கமலர் வழியாகவே இவை ஊருக்கு எட்டின; துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவர் பார்த்த அளவுக்கு எந்த நடுவரும் எந்தப் போரையும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வந்தது. காரை நிறுத்துகையில் மாமாங்கம் உள்ளத்துள் சூளுரைத்தார்: இந்த ஐந்து நிமிடத்துக்கு உலகில் அண்ணை என்று எவரும் இலர்.

மணி ஒலித்தது. கைகுலுக்கினர். இரு மதயானைகள் ஒரு குளியலறைக்குள் அகப்பட்டாற்போல் இடித்து, இழுத்து, பெருமூச்செறிந்து, கட்டிப்புரண்டு, தரையதிர வீழ்ந்தனர். மாமாங்கம் கீழே. அப்போது ஸ்ரனிஸ்லாஸ், எந்தப் படைக்கலக் கொட்டிலிலும் காணக்கிடையாத தம் அஸ்திரத்தை ஏவினார்.

“தம்பி, மனுசிக்கு முதுகுநோ எப்பிடி?”

மூத்தவர் சுகம் விசாரித்தால் பதில் சொல்லாதிருப்பது எந்தத் தருமத்தில் உண்டு? “இப்ப பரவாயில்லை அண்ணை” என்று மாமாங்கம் மொழிந்து முடிப்பதற்குள், அம்மூச்சு வெளியேறிய இடைவெளியால் அண்ணையார் கால்களைத் தாண்டி விலாப்புறம் வந்து அமுக்கியிருந்தார். மூன்று புள்ளி. மாமாங்கம் இறால்போல் வளைந்து, நழுவி, மீண்டும் கால்களை இடையில் கொண்டுவர இரண்டு நிமிடம் கரைந்தது. அதற்குள் கார் கராஜுக்குப் போன விபரமும் கேட்கப்பட்டது. அதற்கும் பணிவான பதில் அளிக்கப்பட்டது.

எஞ்சியது ஒரு நிமிடம். ஸ்ரனிஸ்லாஸ் மூன்றாம் அஸ்திரத்தைத் தொடுத்தார். “கோணேசன்ர மகளின்ர கலியாணம் எப்பவாம்?”

மாமாங்கம் பதில் சொல்லவில்லை.

மண்டபம் உறைந்தது, குறைந்தபட்சம் தங்கமலரின் துடைப்பம் உறைந்தது. ஐம்பத்தொரு ஆண்டு வாழ்வில் இளையவன் ஒருவன் தம் கேள்வியை அந்தரத்தில் தொங்கவிட்டதை ஸ்ரனிஸ்லாஸ் கண்டதில்லை. திகைத்தார். அத்திகைப்பின் நடுவே, வாவியின் அடியிலிருந்து முதலை எழுவதுபோல் எழுந்தது மாமாங்கத்தின் வலப்பாதம்; எழுந்து, மன்னார் மாவீரரின் மார்பின் நட்டநடுவே, கூச்சமின்றி, ஐந்து விரலும் விரிய அமர்ந்தது. வலக்கை துடித்தது. கண்ணுக்குப் போக வேண்டுமென்று விரல்கள் ஐந்தும் ஐந்து படைத்தலைவர்போல் கலகம் செய்தன. தாய் தந்தையர் கற்பித்த ஒழுக்கம் அனைத்தும் அந்த மணிக்கட்டில் வந்து நின்று வழக்குரைத்தது. வீரர் பல்லைக் கடித்தார்; அங்கிக் கையை விடவில்லை; உதைத்தார்; இழுத்தார்; கவிழ்த்தார். இரண்டு புள்ளி. கவிழ்த்தவர் நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்தார். இன்னும் நான்கு. ஆறுக்கு மூன்று. மணி ஒலித்தது.

ஒலித்த அக்கணமே கட்டவிழ்ந்த வலக்கை பறந்துபோய் அண்ணையின் மார்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. ஒருமுறை அல்ல, மும்முறை. தோர்பன் தலையை ஆட்டியபடி சொட்டுமருந்து தேடிப் போனான்.

“வடிவாப் பிடிச்சனீர் தம்பி” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், படுத்தபடியே.

வெற்றி முரசு வெளியே கொட்டிக்கொண்டிருக்க, உடைமாற்றும் அறையில் நடந்தது வேறு. ஸ்ரனிஸ்லாஸ் வியர்வை துடைக்கவில்லை, அங்கி கழற்றவில்லை. முதலில் பெட்டியைத் திறந்து தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி பார்த்தார். அவருடைய தம்பி குடும்பம் மன்னாரிலிருந்து யுத்தம் துரத்த இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே போனது. கடைசி அழைப்பு சித்திரையில். இதை ஊரறியும், மாமாங்கமும் அறிவார். அண்ணையும் தம்மைப்போல் இந்தப் பெட்டிக்காகத்தான் வருகிறார் என்பதை மட்டும், ஒரே காரில் இத்தனை மாதம் வந்தும், அவர் அறிந்திருக்கவில்லை.

“செவ்வாய் வகுப்புக்கு என்னெண்டு வருவியள் அண்ணை?” என்று கேட்டார் மாமாங்கம்.

“நான் வரேல்லையடாப்பா. பஸ்ஸும் இல்லை.”

மாமாங்கத்தார் எழுந்தார், சென்றார், அணிப் பட்டியலில் தம் பெயரைப் பொறிக்கவிருந்த ஆசானின் பேனாவைத் தடுத்து, தோற்றவருக்கு விதி இடங்கொடாத அவ்வரிய ஆசனத்தை, வரிசையில் அடுத்து நின்ற ஒரு டெனிஷ் தபால்காரருக்கு அளிக்குமாறு அருளினார். கண்ணாலேயா என்று தோர்பன் பரிவோடு கேட்டான். ஓம், கண்ணாலேதான் என்றார் வீரர். வேறு எப்படி விளக்குவது?

அடுத்த கிழமை மாமாங்கம் செவ்வாய்ப் பின்னேர வேலையைக் கொடுத்து ஞாயிறு காலை வேலையை வாங்கிக்கொண்டு, ஸ்ரனிஸ்லாஸை ஏற்றிக்கொண்டு நாலு மணி வகுப்புக்குப் போனார்.