விசிறி பரிசீலனையில் உள்ளது

எங்கள் தெருக்கோடி வீட்டுக் கண்டக்டருக்கு அரசாங்கம் ஒரு பெட்டி கொடுத்தது. பஸ்ஸிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அவருக்கு எதுவும் அசையாது. மனைவி தையல் கம்பெனிக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை தனியாள். பெட்டியிடம் வாயால் சொன்னால் போதும்: விசிறி சுற்றும், விளக்கு எரியும், வாசல் கதவு திறக்கும். இதற்குக் 'குரல்வழி இல்லத் தன்னாட்சித் திட்டம்' என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதற்குத்தான் விசிறி போலிருக்கிறது.

மாட்ட வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் அரசாங்கச் சொத்தைப் பயனாளி தன் இஷ்டத்துக்கு ஏவினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று அவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. பதிந்த குரலுக்கு மட்டும்தான் பெட்டி கீழ்ப்படியும். ஆகவே, கண்டக்டர் குரலைப் பதியாமல் தன் குரலைப் பதிந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நடைமுறை இதுதான். கண்டக்டர் விசிறி கேட்பார். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பெட்டி அதை ஆபீஸுக்கு அனுப்பும். அங்கே டீ, கோப்பு எல்லாம் முடிந்து அதிகாரிக்கு நேரம் வாய்க்கும்போது, பெட்டிக்குள்ளிருந்து இரண்டு தரம் கனைப்பு வரும். அப்புறம், "ஆகட்டும்... விசிறி சுற்றலாம்." வெயிலில் கேட்ட விசிறி மறுநாள் மழையில் சுற்றும். பார்க்க வந்த மைத்துனர் தட்டித் தட்டி ஓய்ந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கதவு அகலத் திறந்து அவரை வரவேற்கும். திறந்ததை மூட இன்னொரு மனு.

ஒரு நாள் மனைவி சாவியை மறந்துவிட்டாள். கொட்டும் மழை. ஆபீஸும் மூடியாயிற்று. உள்ளே புருஷன், வெளியே பெண்டாட்டி, நடுவில் பரிசீலனை. அவள் ஜன்னலோரம் வந்து, "பஸ்ஸுல டிரைவர் மாதிரி, செக்கர் மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவீங்களே. இந்த ஆளு குரலைத்தானே தினம் கேக்கிறீங்க" என்றாள்.

கண்டக்டர் இரண்டு தரம் கனைத்தார். "ஆகட்டும்... கதவு திறக்கலாம்."

கதவு பவ்வியமாகத் திறந்தது.

அப்புறமென்ன, ராஜ வாழ்க்கை. நினைத்தபோது காற்று, நினைத்தபோது வெளிச்சம். ஆபீஸ் கணக்கிலோ, அதிகாரி லீவு நாளிலும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். மேலிடம் மகிழ்ந்து அவருக்கு 'ஓய்வறியா அலுவலர்' விருது அறிவித்தது. தூங்கும்போதுகூட உழைத்திருக்கிறோமே என்று முதலில் அவருக்குப் பெருமை. சந்தேகம் பிறகுதான் வந்தது.

விருது வாங்கும் நாள் காலையில் பெட்டியைப் பறிமுதல் செய்ய வந்தார். கண்டக்டர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். அது பின்னாலேயே பூட்டிக்கொண்டது.

"இதை எடுத்துட்டுப் போனா பகல்ல நான் எப்படிங்க சார் இருக்கிறது?" என்றார் கண்டக்டர்.

மனு கொடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. ஆனால் வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டியிருந்தது. தவளைக் குரல். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றது கக்கத்துப் பெட்டி. கோரிக்கை ஆபீஸுக்குப் போனது. அங்கே உத்தரவு போட வேண்டியவர் இங்கே நின்றுகொண்டிருந்தார்.

விழாவுக்கு நேரமாகிறது. மெதுவாகக் கண்டக்டர் பக்கம் திரும்பினார். பெட்டி இருந்த இடத்தில் இருக்கட்டும் என்றார் கண்டக்டர். அதிகாரி தன் கையாலேயே திருப்பி மாட்டினார்.

இப்போதெல்லாம் சாவியே எடுத்துப் போகாத மனைவியும் அந்த நேரம் பார்த்து சாமான் பையோடு வந்து, கதவைத் திறக்கச் சொல்லி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

கண்டக்டர் இரண்டு தரம் கனைத்தார். "ஆகட்டும்... ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஒவ்வொண்ணா பார்க்கலாம்."

அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் போய்த் தவளைக் குரலில் கேட்டார்: "இவரு எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"இல்லீங்க சார். தங்கமான மனுஷன்" என்றாள் அவள், பையைக் கை மாற்றிக்கொண்டே. "உங்க குரல் வந்த பிறகுதான் இப்படி."