வியாழக்கிழமை மீன் கொழுக்கட்டை

சாவதற்குள் லியோன் நகரத்தைச் சாப்பிட்டுவிடுவது என்று வாகான் தீர்மானித்தான்.

காரணம் இருந்தது. அவன் வீட்டு ஆண்கள் யாரும் ஐம்பதைப் பார்த்ததில்லை. அப்பா நாற்பத்தெட்டில் போனார். அண்ணன் ருபேன் போன வருஷ வசந்தத்தில், சொந்த ஊர் யெரெவானில், நாற்பத்தொன்பது வயசில் போய்ச்சேர்ந்தான். சாப்பாட்டு மேஜையில், கையிலிருந்த முள்கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல். வாகானுக்கு இப்போது அதே நாற்பத்தொன்பது. ஜனவரியில் ஐம்பது ஆக வேண்டும். ஆகுமா என்பதுதான் கேள்வி.

இந்த நேரம் பார்த்து அவன் வேலை பார்த்த குடிநீர் வாரியம், "போய் நகர வடிகால் படித்துவிட்டு வா" என்று அவனை ஒரு வருஷம் பிரான்சிலுள்ள லியோனுக்கு அனுப்பியது. வகுப்பில் எல்லாம் அரும்பு மீசைப் பிள்ளைகள். முதல் நாள் அவன் நுழைந்ததும், பேராசிரியர் என்று நினைத்துக் கப்சிப் ஆனார்கள். அவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். அதற்கப்புறம் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி சிரானுஷும் கூட வந்தாள். ஊர் பார்க்க அல்ல, காவலுக்கு. ஊரில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவனைவிட அவளுக்குத்தான் அந்த பாஷை ஓடும். வெண்ணெய் கூடாது, க்ரீம் கூடாது, கொழுப்பு ஆகவே ஆகாது என்று யெரெவான் டாக்டர் சொல்லியிருந்தார். லியோனோ வெண்ணெயில் குளித்து க்ரீமில் தலை துவட்டுகிற ஊர். அந்த ஊரில் உட்கார்ந்து வாகான் தினம் மூன்று வேளையும் வெந்த காலிஃப்ளவர் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கப் போவார்கள். அதுவும் மருந்துதான் என்று அவனுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. மலை மேல் மாதா கோயில். மேலே போக ரயில் உண்டு.

"வாகான் ஜான், படியில போலாம்."

அவர்கள் பாஷையில் ஜான் என்றால் உயிர். அவள் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் அவனுக்கு உயிர் போகும்.

"ரயில் இருக்கே?"

"அதான் பாத்துட்டோமே. வா."

உச்சியில் இரைக்க இரைக்க நின்றால், நவம்பர் மூடுபனியில் லியோனின் இரண்டு ஆறும் இல்லை, ஊரும் இல்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப இன்னும் கொஞ்சம் மேல ஏறுவோம்."

ஆக, படிப்பு வடிகால். மனசுக்குத்தான் வடிகால் இல்லை. அப்போதுதான் வாகான் அந்த மாபெரும் முடிவை எடுத்தான். வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஆய்வகம் இருக்கிறது என்று வீட்டில் சொன்னான். பழைய பேட்டையின் குறுகலான சந்து ஒன்றில் ஜோசெத் என்ற அகலமான அம்மாள் நடத்திய சின்னச் சாப்பாட்டுக்கடைக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நுழைந்தான்.

மீன் கொழுக்கட்டை வந்தது. மேலே இறாலும் வெண்ணெயும் சேர்ந்த ஆரஞ்சு நிறக் குழம்பு. ஒரு வாய் வைத்தான். நாக்கு, தனக்கு இன்னும் வேலை போகவில்லை என்று தெரிந்து துள்ளியது. 'ருபேன், உனக்கும் சேர்த்துத்தான்டா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தட்டை ரொட்டியால் துடைத்தான்.

இரண்டாம் வியாழன் கொழுக்கட்டை இன்னும் லேசாக இருந்தது. பக்குவம் கூடியிருக்கிறது என்று முடிவு கட்டினான். மூன்றாம் வாரம் சிவப்பாக ஒரு இனிப்பு வந்தது. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றான். ஜோசெத் அம்மாள் மட்டும் அடுக்களை வாசலில் நின்று, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வயிறு நிறைந்தால் வாய் சும்மா இருக்குமா? வீட்டில் கமெண்ட் அடிக்க ஆரம்பித்தான்.

"சிரானுஷ், சமையல்னா அதுக்கு ஒரு கை வேணும்."

"ம்."

"சில பேரு கைல அது பிறவியிலேயே இருக்கு."

"ம். காலிஃப்ளவர் இன்னும் ரெண்டு போடவா?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. முடிவு கேட்கப் போன அன்று வாகான் மனசுக்குள் உயிலே எழுதிவிட்டான். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கை குலுக்கினார்.

"கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு, மிசியே. என்ன செய்யறீங்களோ அதையே செய்யுங்க."

வெளியே வந்ததும் வாகானுக்குத் தலை கால் புரியவில்லை. சோன் ஆற்றுப் பாலத்தின் நடுவில், ஈரக் காற்றில், மனைவியை நிறுத்தினான்.

"கேட்டியா? செய்யறதையே செய்யணுமாம்! நான் என்ன செய்யறேன் தெரியுமா? வியாழக்கிழமை ஆய்வகமே கிடையாது! ஜோசெத் கடைல உக்காந்து வெண்ணெயும் க்ரீமுமா வெட்டிக்கிட்டிருக்கேன். கொழுப்பு இறங்கிடுச்சு! இனிமே உன் காலிஃப்ளவரை நீயே வெச்சுக்கோ!"

சிரானுஷ் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கொழுக்கட்டை நல்லா இருந்துதா?"

"அமிர்தம்!"

"சந்தோஷம். நான் பண்ணினதுதான்."

வாகான் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"சாக்கடை படிச்சுட்டு வர்றவன் மேல சாக்கடை நாத்தம் அடிக்கலாம். வெண்ணெய் வாசனை அடிக்குமா? அடுத்த வியாழக்கிழமை உன் பின்னாலயே வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன். கண்ணாடி வழியா பாத்தா, நீ ரொட்டிக் கூடையைப் பாத்து சிரிச்சுக்கிட்டிருக்க. ருபேனைப் புதைச்ச நாள்லேந்து என்னைப் பாத்துக்கூட நீ அப்படிச் சிரிக்கல. எனக்கு உள்ள வந்து கத்த மனசு வரல. பின்பக்கமா போயி அந்தம்மாகிட்ட அழுதேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க புருஷனும் நெஞ்சு அடைச்சுத்தான் போனாராம். கடைசித் தட்டு அவங்க கையால வெச்சதாம். ஏப்ரனை எடுத்து எங்கிட்ட குடுத்தாங்க. நான் கட்டிக்கிட்டேன்."

பாலத்துக்குக் கீழே ஆறு கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. வாகான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப அந்த இறால் குழம்பு?"

"கேரட். இறால் ஓடு வெந்த தண்ணி கொஞ்சம் விட்டேன், வாசனைக்கு."

"வெண்ணெய்?"

"பூசணிக்காய்."

"அந்தச் சிவப்பு இனிப்பு? ரெண்டு துண்டு தின்னேனே!"

"பீட்ரூட்டு."

"பீட்ரூட்டா!" அவன் போட்ட சத்தத்தில் கைப்பிடியில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. அப்புறம் அடிக்குரலில் கேட்டான்: "பக்கத்து மேஜைக்காரங்கல்லாம்?"

"அவங்க நெஜத்தைத் தின்னாங்க."

ஊரே விருந்து சாப்பிட, நடுவில் உட்கார்ந்து பத்தியம் சாப்பிட்டிருக்கிறான். அதையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறான். இந்த அவமானம் வாகானை வாரக்கணக்கில் அழுத்தியது. வகுப்புக்குப் போனான், சாக்கடையைப் படித்தான், வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். கிறிஸ்துமஸ் வந்து போனது, அவன் கவனிக்கவில்லை. பிறந்த நாள் நெருங்க நெருங்க அவமானத்தையும் பயம் ஓரம் கட்டியது. படி ஏறும்போது நெஞ்சு தட்டினால் நின்றுவிடுவான். சிரானுஷும் கூட நிற்பாள். மாதா கோயில் வாசலில் அவள் ஒரு தரம் மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

ஜனவரியில் அந்த நாள் விடிந்தபோது அவள் கை அவன் நெஞ்சின் மேல் இருந்தது. எப்போதிலிருந்து அங்கே இருக்கிறதோ. கண் சிவந்திருந்தது.

"ஐம்பது," என்றாள்.

"ஐம்பது," என்றான்.

"எந்திரி. இன்னிக்கு ஒரு நாள். ஜோசெத் கடைக்குப் போலாம். நெஜமான கொழுக்கட்டை, நெஜமான வெண்ணெய். நான் அடுக்களைப் பக்கமே போக மாட்டேன். சத்தியம்."

அன்றைக்குச் சாயங்காலம் வாகான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, டை கட்டிக்கொண்டு போனான். ஜோசெத் அம்மாளே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஓரத்தில் வெண்ணெய் தங்கமாக மிதந்தது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, வெற்றிவீரனைப் போல ஒரு பெரிய வாய் வைத்தான்.

நாக்கில் மெழுகு பூசியது போல இருந்தது. தொண்டையில் வழுக்கியது. இரண்டாம் வாயில் வயிறு முகம் சுளித்தது. மானத்துக்காக மூன்றாம் வாயும் வைத்தான். பிறகு முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"என்ன ஆச்சு?" சிரானுஷ் பதறினாள்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம்... எண்ணெயா இருக்கு."

சிரானுஷ் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். சிரித்துவிட்டிருந்தால் தேவலை. வாகான் மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் கேட்டான்:

"மதாம்... அந்த கேரட் போட்டது இருக்கா?"

"ஐயோ மிசியே, கடைசித் தட்டு இப்பத்தானே போச்சு! இப்பல்லாம் இந்தத் தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் அதைக் குடுக்கச் சொல்லிட்டு, தெரியாத மாதிரி புருஷனுங்கள இங்க விடறாங்க."

வாகான் தலையைத் தூக்கினான். சுற்றியிருந்த மேஜைகளில் சிவந்த முகத்துப் பெரிய மனிதர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்த சந்தோஷத்தில், தட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோசெத் அம்மாள் குனிந்து அவன் காதில் சொன்னாள்: "அப்படிப் பாக்காதீங்க, மிசியே. அவங்களுக்கு இன்னும் தெரியாது."