சிங்கப்பூர் வாட்சும் தங்கச்சி தாலியும்

பந்தலில் இருந்தவர்கள்: என் தங்கச்சி வள்ளியம்மை. மாப்பிள்ளை கருப்பையா. மாப்பிள்ளையின் அம்மா. சோசியர். சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஊர். அப்புறம் நான், கையில் வாட்சோடு. (நான் வராமல் இருந்திருந்தால் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும்.)

ஐம்பதுகளில் சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஏழு வருஷம் கழித்து ஊருக்குக் கப்பல் ஏறும்போது சிராங்கூன் ரோட்டில் அந்த வாட்சை வாங்கினேன். "ஒரு நிமிஷம் தப்பாது லா" என்றார் கடைக்காரர். கப்பலில் ஒருத்தன், நம்ம ஊர் மணி இரண்டு மணி நேரம் பின்னால், முள்ளைத் திருப்பி வை என்றான். என் வாட்சைக் குறை சொல்கிறான் என்று அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

முகூர்த்தம் திங்கட்கிழமை காலை ஒன்பதரை. சோசியர் வெயிலைப் பார்த்து மணி சொல்வார். அன்றைக்கு ஒரே மழை மூட்டம். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். (அதற்காகவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன்.)

ஒன்பதரை ஆச்சு, தாலியை எடுங்க என்றேன். இப்பத்தானே விடிஞ்ச மாதிரி இருக்கு என்று சோசியர் இழுத்தார்.

"சோசியரே, இது சிங்கப்பூர் வாட்ச்."

அவர் தாலியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை தாலி கட்டினார்.

முதல் பந்தி பாதியில் எட்டு மணி பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கினார். நேரத்தோடு வந்துவிட்ட சந்தோஷம் முகத்தில். எச்சில் இலையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சோசியர் விரலை மடக்கினார். தாலி ஏறியது ஏழரைக்கு. திங்கட்கிழமை ஏழரைக்குத்தான் ராகுகாலம் ஆரம்பம்.

மாப்பிள்ளையின் அம்மா, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மகன் கையைப் பிடித்து இழுத்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வாட்சைப் பார்த்தேன். (நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.)

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டார்.

"கட்டினத அவுக்க மாட்டேன்மா. அது கெடக்கட்டும். நல்ல நேரத்துல இன்னொண்ணு கட்டுறேன்."

அந்த அம்மா அழுது முடித்து ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: சிங்கப்பூர்க்காரர் பந்தலில் நிற்கக் கூடாது. மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அங்கே யாரும் என்னிடம் மணி கேட்கவில்லை. ஒன்பதரைக்கு, தாய்மாமனின் வாட்சைப் பார்த்து, மஞ்சள் கொம்பு கோத்த புதுக் கயிற்றை மாப்பிள்ளை மறுபடி கட்டினார்.

இன்றைக்கும் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால், ஓரத்தில் அவள் கையெழுத்து இருக்கும்: அண்ணன் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு வரவும். மாப்பிள்ளை எப்போதாவது கோபித்துக்கொண்டு கிளம்பினால், எங்கே போயிருவீங்க என்று சிரிப்பாளாம். மற்ற பெண்களுக்கெல்லாம் மூன்று முடிச்சு.

அவளுக்கு ஆறு.